ஒரே ஒரு ரிங்

பால் காய்ச்சினான். சட்டையைத் தேய்த்தான். சார்ஜரிலிருந்து இரண்டு போன்களையும் கழற்றினான். தன்னுடையதைச் சட்டைப்பையில் போட்டான். இறந்துபோன மனைவியுடையதை அலமாரியில் வைத்தான். கடைக்கு வந்ததும் அந்த எண்ணுக்கு ஒரு ரிங் விட்டுத் துண்டித்தான். வந்து சேர்ந்தேன் என்று அர்த்தம். யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதானே முறை.

மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் லென்ஸ் தீட்டுவது அவன் வேலை. கண்ணாடி தயாரானதும் கீழே கவுண்டருக்கு மிஸ்டு கால் கொடுப்பான். ஆள் வந்து வாங்கிப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த கவுண்டர் பெண்ணுக்கு இது பிடிபடவே இல்லை. முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்றாள். எடுக்காதே என்றால் திருப்பி அழைத்தாள். அடுத்த தடவை, இவனுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது விளக்கினான். அப்போதெல்லாம் பேசினால்தான் காசு, மணி அடித்தால் கிடையாது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு என்றால் கீழே இறங்கி வா. காலேஜில் அவன் காதலே இப்படித்தான் நடந்தது.

"மெசேஜ் போட வேண்டியதுதானே?"

"அதுக்கும் காசு."

அவள் டப்பாவை மூடினாள். "நீங்க புறா விட்ட காலத்து ஆளாண்ணா?"

அவனுக்கு வயது முப்பத்தாறு. சிரிக்கத்தான் செய்தான். படியேறும்போது மனசு கனத்தது. இந்தப் பாஷை தெரிந்த ஒரே ஒருத்தியும் போய்விட்டாள். இனி இவனுக்கு யார் அப்படி ஒரு ரிங் விடப்போகிறார்கள்?

சாயங்காலம் நல்ல மழை. பஸ் கிடைத்த மாதிரிதான் என்று முணுமுணுத்தபடி கவுண்டர் பெண் குடையை விரித்தாள். பார்த்துப் போ என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரே ரிங். நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் எண். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். திருப்பி அழைக்கக் கை துறுதுறுத்தது. அழைக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அலமாரியைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். வழியில் பஸ் கவிழ்ந்தது. அன்று அவன் காத்திருந்த ரிங் வரவே இல்லை. பேசுவதற்குத் தனிக் காசு வேண்டாம் என்று ஆகி எத்தனையோ காலமாகியும் அவள் மட்டும் பழக்கத்தை விட்டிருக்கவில்லை. பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்.

"போனதும் ஒரு ரிங் விடறேன். பாசம் பொங்கி எடுத்துத் தொலைச்சிடாதீங்க."