மில் நின்ற நேரம்

யாக்கோப்பு கம்பத்தின் உச்சியில் நின்று, சீதேவியின் அரைக்கிற மில்லுக்குப் போகும் கம்பியில் குறடை வைத்தபோது, கீழே அவளுடைய புருஷன் வினாயகமூர்த்தி ஏணியைப் பிடித்து உலுக்கத் தொடங்கினான்.

"இறங்கடா! இறங்கு! இல்லாட்டி ஏணியோட தூக்கி வாவிக்குள்ள போட்டுருவன்!"

ஏணி கம்பத்தில் இடித்து இடித்துத் திரும்பியது. இடுப்புப் பட்டி மட்டும் இல்லையென்றால் யாக்கோப்பு அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பான். ஆனாலும் அவன் வாய் திறக்கவில்லை. "யாக்கோப்பிட்ட ஒரு பேச்சு வாங்கிறதெண்டா, கிணத்துக்குள்ள கல்லைப் போட்டுட்டுச் சத்தம் வருமட்டும் காத்து நிக்கவேணும்" என்று மின்சாரக் கந்தோரில் பகிடி பண்ணுவார்கள். கந்தோர் சொல்லுகிற வீட்டுக்குப் போய்க் கரண்டை வெட்டுவது அவனுடைய வேலை. ஏச்சு, காறித் துப்பல், நாயை அவிழ்த்துவிடுதல் எல்லாம் அவனுக்கு ஏணியோடு சேர்ந்து வருகிற சாமான்கள்.

குறடு கடித்தது. தகரக் கொட்டிலுக்குள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மோட்டர் முனகி அடங்கியது.

சீதேவி வெளியே வந்தாள். தலைமயிர், கண்ணிமை, முழங்கை எல்லாம் மிளகாய்த் தூள் படிந்து சிவந்திருந்தன. அவள் புருஷனைப்போலக் கத்தவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

அங்கே, வாவிக்கரையை ஒட்டி லூர்து முதலாளியின் நெல்லு மில் நின்றது. நெல்லு வெட்டுக் காலம். கிரான் பக்கமிருந்து வந்த மாட்டு வண்டில்கள் வாசல் படலையிலிருந்து சந்திவரைக்கும் வரிசை கட்டியிருந்தன. மில்லின் இரைச்சலில் தெருப் புழுதியே நடுங்கியது.

"இஞ்ச பாருங்க யாக்கோப்பண்ணே, எங்களுக்கு ரெண்டு மாசம் நிலுவை. ஓம், நான் இல்லையெண்டு சொல்லல்ல. அங்க போன மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவுக்கு முந்தியிருந்தே ஒரு சதம் கட்டல்ல. அந்த மில்லுக் கிளாக்கரே தேத்தண்ணிக் கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். அந்தப் போஸ்டில எப்ப ஏறுவீங்க?"

யாக்கோப்பு குறடைப் பைக்குள் போட்டான். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சின்னச் சனங்களின் வீட்டுக்குச் சிவப்பு நோட்டீஸ் வந்தால் அந்தக் கிழமையே ஏணியும் வந்துவிடும். லூர்து முதலாளிக்கான நோட்டீஸைக் கந்தோர்ப் பெரிய ஐயா தானே காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுத்துவிட்டு மத்தியானம் அங்கேயே இறால் பொரியலோடு சாப்பிட்டுவிட்டு வருவார். இப்போது முதலாளி தன் மில்லின் ஒரு மூலையில் மிளகாய் அரைக்கிற மிசினும் பூட்டியிருந்தார். சீதேவியின் மோட்டர் நின்றால், மிளகாய்ப் பெட்டியோடு காத்து நிற்கிற பெண்கள் தெருவைக் கடந்தால் போதும்.

எதிர் மில்லுக்குள்ளிருந்து மூட்டை தூக்கிகள் நாலைந்துபேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் பற்றிக். மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து தோளுக்குள் இறங்கிப்போன மனிதன். போன நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அவனுடைய வீட்டுப் பியூஸையும் யாக்கோப்புதான் கழற்றிக்கொண்டு போனான். அந்தத் தெருவில் அதற்கொரு மருந்து வைத்திருந்தார்கள். லைன்மன் பியூஸோடு போனதும், விளக்கு நின்றதால் பயமில்லை என்று ஒரு துண்டுச் செப்புக் கம்பியை எடுத்து அந்த இடத்தில் முறுக்கிவிடுவார்கள். பொழுதுபட விளக்கு எரியும். பற்றிக்கும் அப்படித்தான் எரித்தான். அகப்பட்டு, கம்பத்திலேயே கம்பி வெட்டப்பட்டு, அன்றிலிருந்து குப்பி விளக்கு.

"என்ன மூர்த்தி," என்றான் பற்றிக். "ஏணிய ஆட்டுறாய்? தொட்டிலெண்டு நினைச்சியோ? தாலாட்டும் பாடன், கேப்பம்."

"முதலாளிக்கு வாலாட்டுற நாய்க்கு இஞ்ச என்னடா வேலை?"

பற்றிக்கின் கையில் மரக் கொட்டன் இருந்ததை வினாயகமூர்த்தி காணவில்லை. காணும்போது அது இறங்கிவிட்டது. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தான். காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம் கம்பத்தின் உச்சிவரைக்கும் கேட்டது. அவன் விழுந்தான். விழுந்தவனின் விலாவில் மற்றவர்கள் மிதித்தார்கள். சீதேவி கொட்டிலுக்குள் ஓடி, இரண்டு கையிலும் மிளகாய்த் தூளை அள்ளிவந்து வீசினாள். ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு மாடு மாதிரிக் கதறியபடி வண்டில் சில்லில் போய் மோதினான். பற்றிக் அவளுடைய மயிரைப் பிடித்து முகத்தைப் புழுதியில் அழுத்தித் தேய்த்தான்.

"இனி அரை பாப்பம். மண்ணை அரை."

அவர்கள் போனபிறகுதான் யாக்கோப்பு இறங்கினான். இடுப்புப் பட்டியைக் கழற்ற அவ்வளவு நேரம் தேவையில்லை. அது அவனுக்குத் தெரியும். சீதேவிக்கும் தெரிந்திருந்தது. அவள் எழும்பியிருந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். மண்ணோடு ஒரு பல்லும் வந்தது.

"மேல நிண்டு வடிவாப் பாத்தீங்களா?" என்றாள்.

அவன் ஏணியை மடக்கினான்.

"எங்கட கரண்ட வெட்டத்தானே துணிவு வருது உங்களுக்கு? அந்த மில்லை நிப்பாட்டிப்போட்டு வாங்க. இல்லாட்டி இந்தத் தெருவுக்குள்ள இனி ஏணி கொண்டு வராதீங்க. வந்தா நானே எரிப்பன், ஏணியையும் உங்களையும்."

கிணற்றுக்குள் விழுந்த கல் அடிக்குப் போய்ச் சேர வெகு நேரம் எடுத்தது. அவன் வினாயகமூர்த்தியின் கையைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே அது தப்பான பக்கம் மடிந்து கிடந்தது.

"நாளைக்குப் பகலுக்குள்ள அந்த மில்லு நிக்கும்," என்றான்.

மறுநாள் காலை கந்தோரில் பெரிய ஐயாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். "லூர்து மில்லுக்கு வெட்டுக் கட்டளை தாங்க ஐயா."

பெரிய ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உனக்கென்ன விசரா? சனத்துக்கு அரிசி குத்துற மில். அதை நிப்பாட்டினா ஊர் பட்டினி கிடக்கும்."

"சீதேவிட மில்லிலயும் சனத்துக்குத்தானே ஐயா அரைக்கிற?"

"மிளகாயும் அரிசியும் ஒண்டாடா? லூர்து கட்டுவார். பெரிய மனுசன். இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கட்டுவார். சின்னதுகள விட்டா ஓடிருங்கள்."

"ஓடுறதுக்கு அதுகளுக்கு எங்க ஐயா இடம்?"

"இஞ்ச பார், வேலை வேணுமா வேணாமா? வேணுமெண்டா கிறுகிப் போ."

யாக்கோப்பு திரும்பினான். வெளியே போய் ஏணியைத் தோளில் வைத்தான்.

மில் வாசலில் அவனைக் கண்டபோது முதலில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. பழுதுபார்க்க வந்திருக்கிறான் என்று வண்டில்காரர் ஒருவர் மாட்டை ஒதுக்கி இடமும் விட்டார். அவன் ஏறினான். பட்டியைக் கட்டினான். ரப்பர் உறையைக் கையில் மாட்டினான். கம்பத்திலிருந்து மில்லின் தகரக் கூரைக்கு மூன்று கம்பிகள் போயின. மூன்றையும் வெட்டினால்தான் மில் சாகும். ஒன்றை மட்டும் வெட்டினால் பெரிய மோட்டர் இழுக்க ஏலாமல் நின்றுவிடும். ஆனால் மற்ற இரண்டிலும் உயிர் அப்படியே இருக்கும், தொட்டவனை விடாது.

முதல் கம்பியை வெட்டினான். அது துள்ளிப்போய்க் கூரைத் தகரத்தின்மேல் விழுந்தது. மில் ஒருமுறை உறுமியது. பெல்ட் வழுக்கிச் சீறியது. பிறகு நின்றது.

அந்தத் தெருவில் பகல் வேளையில் யாரும் கேட்டிராத அமைதி வந்தது. காகம் கத்துவது கேட்டது. வாவியில் ஒருவன் தோணியைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவதும் கேட்டது. எதிரே, நின்றுபோன கொட்டிலின் வாசலில், சீதேவி வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். யாக்கோப்பு அவளைப் பார்த்தான். நிறைவாக ஒரு மூச்சு விட்டான்.

அந்த மூச்சு முடியுமுன் முதல் கல் வந்தது. இரண்டாவது வாயில் பட்டது. குறடு கையைவிட்டு நழுவிக் கீழே போயிற்று. லூர்து முதலாளி வெள்ளை வேட்டியோடு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"ஆருடா உன்னை அனுப்பின? சொல்லுடா! எறியுங்கடா அவன!"

ஏணியை இழுத்து விழுத்தினார்கள். யாக்கோப்பு பட்டியில் தொங்கினான். கற்கள் முதுகிலும் முழங்காலிலும் விழுந்தன. ஒருவன் நெல்லு மூட்டை இழுக்கிற கொக்கியைக் கயிற்றில் கட்டி வீசினான். அது அவனுடைய தொடையில் ஏறிச் சதையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கம்பத்தின் வழியே இரத்தம் வடிந்தது.

"அவன விடு, மறுகா பாப்பம்," என்று முதலாளி கத்தினார். "முதல்ல மில்லை ஓட்டுங்கடா! வண்டில் எல்லாம் மற்ற மில்லுக்குப் போயிரும். பற்றிக், உனக்குத்தான் தெரியுமே, கம்பி முறுக்கிற வேலை!"

பற்றிக் சிரித்தான். "ஓம் முதலாளி, இவன் படிப்பிச்ச வேலைதானே."

அவன் சுவரில் கால் வைத்துக் கூரைக்கு ஏறினான். வெறுங்கால். வியர்வையில் முதுகு மினுங்கியது. மில் நின்றுவிட்டது, ஆகவே கரண்ட் இல்லை. பியூஸ் போன வீட்டில் விளக்கு நின்றால் பயமில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. அறுந்து கிடந்த கம்பியை இடது கையில் எடுத்தான். மற்றக் கம்பியோடு அதைச் சேர்த்து முறுக்கத்தான் பார்த்தான்.

யாக்கோப்பு மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறைய இரத்தம் இருந்தது. ஆனாலும் துப்பிவிட்டுக் கத்தலாம். தொடாதே, மற்றதில் உயிர் கிடக்கு என்று சொல்ல நேரம் இருந்தது. பற்றிக் தகரத்தில் தவழ்ந்துபோகிற நேரம் முழுவதும் இருந்தது. அந்த நேரத்தில் யாக்கோப்பின் கண்ணுக்கு முன்னால் ஒரு கை தப்பான பக்கம் மடிந்து கிடந்தது. வாயில் மண்ணோடு ஒரு பெண் எழும்பியிருந்தாள். சொல் தொண்டைவரைக்கும் வந்தது. அவன் அதைப் பிடித்து வைத்திருந்தான்.

பற்றிக்கின் வலது கை மேலே எழும்பியது.

"தொடாத!" என்று யாக்கோப்பு அலறினான். "பற்றிக், தொடாத!"

"பொய் சொல்றான்டா!" என்று கீழே யாரோ சொன்னார்கள்.

கை மூடியது. பற்றிக் கத்தவில்லை. அவனுடைய உடம்பு வில்லாக வளைந்து தகரத்தை அடித்தது, மறுபடி அடித்தது. கம்பியைப் பிடித்த கை விடவில்லை. இறைச்சி கருகுகிற மணம் வந்தது. வண்டில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு திமிறின. வண்டில்காரர் ஒருவர் மரக் கொட்டனால் அந்தக் கையை அடித்து அடித்துத்தான் பிரித்தார். பிரிந்ததும் பற்றிக் உருண்டுவந்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லின்மேல் விழுந்தான்.

அதன்பிறகு யாக்கோப்பை எப்படி இறக்கினார்கள் என்று அவனுக்கே தெரியாது. பட்டியை வெட்டியிருக்க வேண்டும். நிலத்தில் விழுந்தபோது கால் முறிந்துபோயிற்று. கொட்டனும் காலும் மாறி மாறி விழுந்தன. அடியெல்லாம் தூரத்தில் யாருக்கோ விழுவதுபோல இருந்தது. கந்தோர் ஜீப் வந்த சத்தம் கேட்டது. பெரிய ஐயா இறங்கி, முதலில் முதலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு கூட வந்த லைன்மன்னைக் கம்பத்தில் ஏற்றினார். பற்றிக்கை நெல்லிலிருந்து தூக்கி இன்னும் பாயில் கிடத்தவில்லை. அதற்குள் மில் ஓடத் தொடங்கிவிட்டது. நிலம் நடுங்குவதைக் கன்னத்தால் உணர்ந்தபடி யாக்கோப்பு கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. நிலத்தில் பாய் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பாயில் மாக்கட்டுப் போட்ட கையோடு வினாயகமூர்த்தி படுத்திருந்தான்.  ஒருமுறை மட்டும், "சீதேவி சொன்னா, மில்லு நிண்டதெண்டு," என்றான் மூர்த்தி. யாக்கோப்பு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மக்டலின் வந்தாள், பற்றிக்கின் பெண்சாதி. கறுப்புச் சீலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாக்கோப்புக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் முழந்தாளிடுகிறவள். பாயின் கால்மாட்டில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"நீங்க கத்தினீங்களாம். அவர்தான் கேக்கல்லையாம். எல்லாரும் சொல்றாங்க. உங்கட வாயால கேக்க வந்தன். கத்தினீங்களா?"

"கத்தினன்."

"எப்ப?"

வார்டில் யாரோ இருமினார்கள். யன்னலுக்கு வெளியே வாவிமேல் வெயில் கொதித்தது. ஓம், நேரத்தோடுதான் கத்தினேன் என்று சொன்னால் அவள் போய்விடுவாள். ஊரே அதைச் சொல்லிவிட்டது. அவன் தலையை ஆட்டினாலே போதும். மூர்த்தி பாயில் அசைந்தான். "ஓமெண்டு சொல்லன்," என்று முணுமுணுத்தான்.

"கையை நீட்டின பிறகு," என்றான் யாக்கோப்பு.

"அதுக்கு முந்தி உங்களுக்குத் தெரியாதா, கரண்ட் கிடக்கெண்டு?"

"தெரியும்."

அவள் குனிந்து, தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். முதல் அடி நெற்றியில் விழுந்தது. தண்ணீரும் இரத்தமும் ஒன்றாகக் கண்ணுக்குள் இறங்கின. மூர்த்தி மாக்கட்டுக் கையை ஊன்றி எழும்பப் பார்த்தான்.

"விடு மூர்த்தி," என்றான் யாக்கோப்பு.

"மில்லு ஓடுது," என்றாள் மக்டலின். அடித்தாள். "வீட்டில சவம் கிடக்கக்குள்ளயும் ஓடிச்சு." அடித்தாள். "பெட்டியக் கொண்டுபோகக்குள்ள ஒரு நாழி நிப்பாட்டுங்க எண்டு கேட்டன். கரண்டுக்குக் காசு போகுது, நிப்பாட்டேலாதாம்." அடித்தாள்.

வார்டே எழும்பி நின்று பார்த்தது. அற்றெண்டன் ஓடிவந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடிக்கும்வரைக்கும் யாக்கோப்பு முகத்தைத் திருப்பவில்லை, கையை உயர்த்தவுமில்லை.