மனப்பாடம் செல்லாத கண்

"ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்..."

செல்வநாதனின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சுரங்கத்து கேட்டுக்கு வெளியே கண் பரிசோதனை வேன். அதன் முன்னால், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற காண்ட்ராக்ட் டிரைவர்களின் வரிசை. சுரங்கச் சாலையில் புழுதி அடக்கத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் அவன். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் லாரி போச்சு. லாரி போனால் வேலையும் போச்சு.

"கடேசி வரி தெரியுமாடா?" பின்னாலிருந்து கிசுகிசுத்தான் ஆனந்த்ராஜ். மெடிக்கல் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் கண் சோதனை அட்டையின் எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்.

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நீ பேசிகினே இருந்தாத்தான் மறந்துடும்."

வேனுக்குள் கும்மிருட்டு. டெக்னீஷியன் டெய்சி சொன்ன இடத்தில் தாடையை வைத்தான். கேட்கும் முன்பே ஆரம்பித்தான்.

"ஈ! எஃப், பி! டி, ஓ..."

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"படிக்கிறேன்மா."

"இங்க படிக்க ஒண்ணும் இல்லண்ணே. இது கண்ணுக்குள்ள போட்டோ புடிக்கிற மெஷினு. அசையாம பச்சைப் புள்ளியப் பாருங்க."

பளீர்!

செல்வநாதனின் மனப்பாடம் மொத்தமும் வீண்.

படம் புதுச்சேரியிலிருந்த டாக்டருக்குப் பறந்தது. சற்று நேரத்தில் திரையில் அவர் முகம்.

"சர்க்கரையால வலது கண்ணுல ரத்தக் கசிவு இருக்கு, செல்வநாதன். இந்த வாரமே லேசர் வெச்சா பார்வையைக் காப்பாத்தலாம். நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது மேடம்!"

"தெரியுறப்பவே புடிச்சிட்டோம். அதான் நம்பிக்கையா சொல்றேன்."

போன வாரம் கண்ணுக்குள் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. கொடி காட்டி நின்ற ஆளைக் கடைசி நொடியில்தான் பார்த்து பிரேக்கை மிதித்தான். அந்த ஆளின் வெளிறிய முகம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினார் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் நல்லசாமி.

"என்னய்யா, நார்மல்தானே? ஆளே இல்ல. செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஏறிடு."

"கசிவாம் சார். ஓட்டக் கூடாதாம்."

"ரிப்போர்ட்ட மடிச்சி பாக்கெட்ல வெய்யி. வெளிய மூச்சு வுடாத."

"ஏறலன்னா?"

"ஏற ஆயிரம் பேர் இருக்கான்யா!"

"இப்பதானே ஆளே இல்லன்னீங்க?"

செல்வநாதன் லாரிச் சாவியை எடுத்து நல்லசாமியின் சட்டைப் பையில் போட்டான்.

"லாரிக்கு வேற டிரைவர் கிடைப்பான் சார். எனக்கு வேற கண்ணு கிடைக்காது."

வெளியே வந்தால், வரிசை கரைந்துகொண்டிருந்தது. இங்கே எழுத்து எடுபடாது என்ற சேதி அதற்குள் பரவிவிட்டது. வேன் படியில் நின்றபடி அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"எங்கடா நழுவறீங்க? எனக்குக் கண்ணுல ரத்தம் கசியுது. மறைக்க மாட்டேன். லேசர் வெச்சிகினு வந்து அதே லாரியில ஒக்காருவேன். வுடலன்னா இந்த கேட்டாண்டயே ஒக்காருவேன். ஒருத்தன்னா தூக்கிப் போடுவாங்க. எல்லாருமே கண்ணக் காட்டிட்டா யாரத் தூக்குவாங்க?"

"யோவ், எல்லாரும் எறங்கிட்டா லாரிய யாருய்யா ஓட்டறது?" நல்லசாமி அலறினார்.

"அத நீங்க யோசிங்க சார்."

யாரோ சிரித்தார்கள். நழுவிய கால்கள் திரும்பின. முதலில் வேனுக்குள் ஏறியவன் ஆனந்த்ராஜ். இருட்டுக்குள்ளிருந்து பழக்க தோஷத்தில் ஒரு முனகல்:

"ஈ... எஃப்..."

"வாய மூடிகினு கண்ணத் தொறடா, வாத்தியாரே!" என்றான் செல்வநாதன்.