இடப்பக்கம் சாய்ந்த கிளாரினெட்

என் கீழ்வரிசைப் பற்களில் நடுவில் இருந்த ஒன்று திரும்பி நின்றது. மற்ற பற்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோறு தின்னவும் வெற்றிலை மெல்லவும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கிளாரினெட் வாசிப்பவனுக்குத்தான் கேடு. கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்துப் போட்டு, அந்த மடிப்பின்மேல்தான் வாத்தியத்தின் ரீடு, அதாவது ஊதும் நாணல் சீவல், உட்கார வேண்டும். நேராக வைத்தால் அந்தப் பல் உதட்டை அறுக்கும். ஆகவே வாத்தியத்தை வாயின் இடது ஓரத்துக்குத் தள்ளிவைத்துப் பழகினேன். இதில் பாணியும் இல்லை, பரம்பரையும் இல்லை. உதடு வலித்தது, அவ்வளவுதான்.

மதுரையில் ஜெயக்கொடி பேண்டு செட்டில் நான் முதல் கிளாரினெட். ஊர்வலத்தில் முன்வரிசை நடுவில் நிற்பதும், பாட்டை எடுப்பதும், உச்சத்தில் தனியாக நிற்பதும் முதல் கிளாரினெட்தான். எனக்குப் பின்னால் சேர்ந்த காளையும் கருப்பும் என் இரண்டு பக்கமும் நின்றார்கள். இருவருக்கும் அப்போது நல்ல பல். ஆனாலும் என்னைப் பார்த்து அவர்களும் வாத்தியத்தை இடது பக்கம் சாய்த்தார்கள். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

முதலாளி ஜெயக்கொடி பட்டாளத்தில் பேண்டு வாசித்துவிட்டு வந்தவர். மூன்று வாத்தியம் ஒரே பக்கம் சாய்ந்தால் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். 'இடப்பக்கம் சாய்ந்த மூன்று கிளாரினெட்' என்று நோட்டீசிலேயே அச்சடித்துவிட்டார்.

ஒன்பது வருஷம் ஓடியது. 1938ஆம் வருஷம் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. ஆடியதோடு நில்லாமல் நகரவும் செய்தது. அது நகர நகர நானும் வாத்தியத்தை நகர்த்தினேன். என்னைப் பார்த்து அவர்கள் இருவரும் நகர்த்தினார்கள். மேலூர்க் கல்யாணத்தில், இடது ஓரம் கார்னெட் என்ற பித்தளைக் குழலை ஊதி நடந்தவரின் காதில் கருப்பின் வாத்தியம் இடித்தது. அன்றைக்கு என் உதடும் கிழிந்து, ரீடெல்லாம் ரத்தம்.

"ஒத்தப் பல்லுக்கு இம்புட்டுப் பாடா? புடுங்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள் என் மனைவி சோணையம்மாள்.

ஒன்றரை மாசத்தில் பேரையூரில் பெரிய கல்யாணம் இருந்தது. அதற்குள் நான் தேறாவிட்டால் நடு இடம் காளைக்குப் போய்விடும். அந்த இடம் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

ஈறு ஆறும்வரை சும்மா இருந்துவிட்டு, வாத்தியத்தை முதல் தடவையாக நேராக வைத்து ஊதினேன். ஒரு வாரம் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு ஒரு காலையில் மேல் சுரம் பிசிறில்லாமல் வந்து நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்னும் வலிக்கிறதாக்கும் என்று சோணையம்மாள் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பேரையூரில் மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்புமுன் வரிசையில் நின்றோம். பெண்ணின் அப்பா முத்திருளன் எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. நடுவுல நிக்கிறவரு மட்டும் ஏன் கோணலா வச்சிருக்காரு? நோட்டீசப் பாத்துத்தானய்யா உங்களக் கூப்பிட்டேன்."

"கண்ணுச்சாமி, இடது பக்கம் சாய்யா" என்றார் ஜெயக்கொடி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காளையைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனேன்.

"தம்பி, அது பாணியுமில்ல ஒண்ணுமில்ல. என் கோணப்பல்லு, அதயும் புடுங்கியாச்சு. நீயும் கருப்பும் நேரா வைங்க, மூணு பேரும் ஒண்ணாயிருவோம்."

காளை மறுபேச்சுப் பேசாமல் நேராக வைத்து ஊதினான். முகம் சுளித்தது. உதட்டில் ரத்தம் கண்டது.

"வாயத் தெற" என்றேன்.

கீழ்வரிசையில் ஒரு பல் திரும்பி நின்றது. ஒன்பது வருஷம் ஒரே ஓரத்தில் அழுத்தியதில், அதுவும் பக்கத்து வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"அதுவாண்ணே? உங்களுக்கும் அப்படித்தான இருந்துச்சு. நல்லா வாசிச்சா அப்படி ஆகும்போலன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வரிசைக்குத் திரும்பி வந்து வாத்தியத்தை இடது பக்கம் சாய்த்தேன்.

பழைய பல் இருந்தபோது அந்த ஓரத்தில் உதட்டுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது உதடு ஓட்டைக்குள் இறங்கியது. பெண் வீட்டு வாசலில், உச்சத்துக்குப் போன இடத்தில், வாத்தியம் கீச்சென்று கத்தியது. முத்திருளன் திரும்பிப் பார்த்தார். காளை யாரும் சொல்லாமலே அந்தச் சுரத்தை எடுத்து நிறுத்தினான். நன்றாகத்தான் நிறுத்தினான். ஜெயக்கொடி கையைக் காட்டினார். அவன் நடுவுக்கு வந்தான், நான் ஓரத்துக்குப் போனேன்.

மறுநாள் பஸ்ஸில் காளை என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைத் தடவிக்கொண்டே வந்தான்.

"அண்ணே, அந்தப் பல் டாக்டரு எங்கன இருக்காரு?"

அவனும் பிடுங்கிக்கொண்டால் உச்சத்தில் கீச்சென்று கத்துவான். ஈறு ஆறி மறுபடி பழக அவனுக்கு மாசக்கணக்கு ஆகும். அதற்குள் நான் சாய்த்து வாசிக்க மறுபடி பழகிவிட்டால் நடு இடம் எனக்குத் திரும்பி வந்துவிடும். இதையெல்லாம் கணக்குப் போட்டேன், போடவில்லை என்று சொன்னால் பொய்.

"அவரு ஊர விட்டே போயிட்டாரு தம்பி" என்றேன். "உதட்டுல நெய் தடவிக்க."