பூஜ்ஜியத்துக்குக் கீழே

பள்ளத்துக்குள் ஆள் இல்லை என்று திரை சொன்னது. பெரிய எழுத்தில் பூஜ்ஜியம். அதைப் பார்த்த பிறகுதான் மதகு மாமா நாற்காலியை விட்டு எழுந்தார்.

கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளம் அது. கடலோரத்தில் தோண்டிய ஆழமான பள்ளத்தில் கப்பலை நிறுத்தி, தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் இறங்கி வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் மதகைத் திறந்தால் கடல் உள்ளே புகும், கப்பல் மிதக்கும். அந்த மதகுக்குப் பொறுப்பாளர் என்பதால் தளம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர். அந்தத் திரைக்கு நிரல் எழுதிய பெண்ணுக்கு அவர் நிஜமாகவே மாமா, அத்தையின் வீட்டுக்காரர். ஆட்களை எண்ணும் ஏற்பாடு முழுக்க அவள் எழுதியது. அதை எங்கள் வீட்டுப் பெண்ணே எழுதித் தருவாள் என்று மேலாளரிடம் மார்தட்டியவர் மாமா.

பள்ளத்துக்கு மூன்று வாசல்கள். உள்ளே போகிறவர் அட்டையைக் காட்டினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும். ஒரு கணினி படுத்துக்கொண்டாலும் கணக்கு நிற்கக்கூடாதே என்று அந்த எண்ணிக்கையைப் பல கணினிகளில் பிரதி வைத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்திருந்தாள். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று முதல்முறையாகத் தண்ணீர் விடுவதைப் பார்க்க வந்திருந்தாள். கிழக்கு வாசலில் காவல்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், மத்தியானம் கிரேன் இடித்து வாசல் இயந்திரத்தின் கேபிள் ஆடிப்போனதாம், அட்டையைக் காட்டினால் இயந்திரம் யோசித்து யோசித்துத்தான் கதவைத் திறந்ததாம். சாப்பாட்டுக்குப் போகிற கூட்டம் அவரைத்தான் திட்டித் தீர்த்ததாம். அவர் சிரித்தார். அவள் அந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

வாசல் இயந்திரம் 'ஒன்று கழி' என்று அனுப்பும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அப்படித்தான் எழுதியிருந்தாள், ஒரு செய்தியும் தொலையக்கூடாது என்று. ஆனால் முதல் செய்தி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? ஒரே ஆள் இரண்டு முறை வெளியே போயிருப்பார். அந்த இரண்டாவது கழித்தல் வேறொருவரைக் கணக்கிலிருந்து எடுத்திருக்கும், அவர் இன்னும் பள்ளத்துக்குள் இருப்பார்.

மதகு மேடைக்கு ஓடினாள். மாமாவின் கை விசையின் மேல் இருந்தது. பக்கத்தில் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடல் ஏறியிருக்கும் நேரம் கொஞ்சம்தான், தவறினால் கப்பல் நாளைக்குத்தான் வெளியேறும்.

"மாமா, திறக்காதீங்க."

"ஏம்மா? பூஜ்ஜியம்னு காட்டுதே."

"அதை நம்ப முடியாது. உள்ள ஆள் இருக்கலாம்."

மேலாளரின் முகம் கடுத்தது. ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, யாரும் வரவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். தப்பு யாருடையது என்று அவர் அடுத்துக் கேட்பார், அதற்குப் பதில் அவள்தான். மாமா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆட்களை இறங்கித் தேடச் சொன்னார்.

தேடப் போனவர்களின் டார்ச் வெளிச்சம் கப்பலின் வயிற்றுக்கடியில் அலைவதை அவள் மேலிருந்து பார்த்தாள். ஒருவரும் இல்லாவிட்டால் மாமாவின் மானம் போகும். ஒருவர் இருந்தால்? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

கப்பலைத் திருப்பும் சுக்கானின் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வெல்டர் ஒருவர், சுக்கானுக்கு மேலே உள்ள குறுகிய பொந்துக்குள் காதடைப்பான் மாட்டிக்கொண்டு துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு குழுவோடு போய்விட்டார் என்று மேஸ்திரி நினைத்திருக்கிறார். வெளியே வந்தவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஏதோ வேலையில் குறை என்று நினைத்து, பாக்கியை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். பழக்கதோஷத்தில் வாசலில் அட்டையைக் காட்டினார். திரையில் 'மைனஸ் ஒன்று' என்று விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரி, ஆள் கிடைத்தாயிற்று, திறங்கள் என்றார்.

"இன்னும் திறக்கக்கூடாது," என்றாள்.

மாமா திரும்பினார். "இன்னும் எத்தனை பேரும்மா?"

"தெரியல மாமா. ஒருத்தரும் இல்லாம இருக்கலாம். கணக்கு தப்புன்னு தெரிஞ்சுது, எத்தனை தடவை தப்புச்சுன்னு தெரியல."

மேலாளர் பொரிந்து தள்ளினார். மாமா எல்லா மேஸ்திரிகளையும் வரச்சொல்லி, அவரவர் ஆட்களை முற்றத்தில் முகம் பார்த்து நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குக் கிளம்பியவர்களைக்கூடக் கேட்டிலிருந்து திருப்பி அழைத்தார்கள். வரிசை வரிசையாக நின்றார்கள். ஒரே ஒரு தச்சரைக் காணோம்.

மறுபடி தேடினார்கள். சாரத்தின் ஒவ்வொரு தட்டாக, கப்பலின் தொட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். தச்சரின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் அவருடைய மனைவியின் எண்ணை ஒருவர் தேடிப் பிடித்தார். மனைவிதான் எடுத்தாள். வயிற்றுவலி என்று மத்தியானமே வந்துவிட்டாரே, தூங்குகிறார், எழுப்பவா என்று கேட்டாள். எழுப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது, வாசலில் கூட்டமாக இருந்ததால் கிரேன் ஏணி வழியாகப் பள்ளத்திலிருந்து ஏறிப் போயிருக்கிறார்.

அவள் அங்கேயே ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் திரை இரண்டு என்று காட்டியிருக்க வேண்டும், கழித்தல் ஒரு முறை அல்ல, இரண்டு முறை தப்பியிருக்கிறது. ஏணியில் போன தச்சர் கணக்கில் உள்ளேயே இருந்தார். அந்த ஏணித் தப்பு கழித்தல் தப்பில் பாதியை மறைத்து, கச்சிதமான ஒரு பூஜ்ஜியத்தைக் காட்டியிருக்கிறது. தச்சர் ஒழுங்காக வாசல் வழியே போயிருந்தால் திரை அப்போதே மைனஸ் காட்டியிருக்கும், யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

கடல் இறங்கிவிட்டது. மாமா மேலாளரின் அறைக்குப் போய்விட்டு, சிவந்த முகத்தோடு திரும்பினார்.

"சரி பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன். ஒவ்வொரு போக்குவரத்துக்கும் தனி அடையாளம் குடுத்துட்டா, ரெண்டு தடவை வந்தாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். யாரு உள்ளன்னும் பேரோட காட்டும்."

"ஏணியில போறவனை?"

அவள் கிரேன் ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆட்களை முற்றத்தில் நிறுத்தி முகம் பார்த்த பிறகுதான் மதகு திறந்தது. புது ஏற்பாடு வந்து, அது சோதனையில் தேறிய பிறகும் மாமா அந்த வழக்கத்தை விடவில்லை. தண்ணீர் விடும் நாட்களில் அவளும் வந்துவிடுகிறாள். பள்ளத்தின் விளிம்பில் நின்று, தண்ணீர் சுக்கானை மூடும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள்.