பத்தொன்பதிலேயே வைக்கப்பட்டிருந்த டெஸ்மன்

டெஸ்மனுக்குப் பதினொரு வருடமாகப் பத்தொன்பது வயது. இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு செப்டம்பரில் அவனுக்குப் பத்தொன்பது நிறைந்தது. நவம்பரில் நியூசிலாந்தின் மனுகாவ் ஹெரன்ஸ் பேஸ்பால் கழகம் அவனைத் தன் வளரும் ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு பிறந்தநாள்கள் பாபடோயிட்டோயில் இருந்த அந்த வீட்டுக்கு வருடம் தவறாமல் வந்தன, கேக் வெட்டவைத்தன, அவனைத் தொடாமல் திரும்பிப் போயின. அவனுடைய அம்மா எமிலிதான் இதை முதலில் கவனித்தார். நான்கு வருடமாகப் பத்து நாளுக்கு ஒருமுறைதான் மகன் முகம் மழிக்கிறான், இடக் கன்னத்தில் அதே இரண்டு பருக்கள் அதே இடத்தில் வருகின்றன, போகின்றன. டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நோர்மல், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார். பாஸ்போர்ட் புதுப்பித்தபோது பழைய படத்தையே திரும்ப அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் வந்தது, சட்டை வேறு என்று எமிலி பதில் எழுதினார், அதை ஒத்துக்கொண்டார்கள். அயலில் இருந்தவர்கள் ஒரு மாதம் அதிசயப்பட்டுவிட்டு வாடகை ஏறியதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

டெஸ்மனின் அப்பா நோபேட் மன்னாரில் இருந்து வந்தவர், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். நாற்பது வயதுவரை அவருக்கு பேஸ்பால் என்றால் மட்டை எந்தப் பக்கம் என்றே தெரியாது. மகனைக் கிரிக்கெட்டில்தான் விட்டிருந்தார். அங்கே பையன் பந்து போடவில்லை, எறிகிறான் என்று நடுவர் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து நோ-பால் கொடுத்தார். குடும்பமே தலைகுனிந்து நின்ற மூன்றாவது சனிக்கிழமையன்று, பக்கத்து மைதானத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் வேலியைத் தாண்டி வந்து, எறிவதைத்தானே நாங்கள் கேட்கிறோம், எங்களிடம் அனுப்புங்கள் என்றார். கிரிக்கெட்டில் குற்றமாக இருந்தது இருபது மீட்டர் தள்ளி வித்தையாகிவிட்டது. இடது கையால் மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் வேகத்தில் எறிந்தான். பட்டியலில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஆறு மட்டைக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக வெறுங்கையுடன் திருப்பி அனுப்பினான். அன்றைக்கு நோபேட்டுக்குப் பிடித்த பைத்தியம் பிறகு இறங்கவே இல்லை. மனுகாவில் சிவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த மகனைத் தானே காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் படிப்பிலிருந்து பெயரை வெட்டுவித்துவிட்டு வந்தார். ஒரு தமிழ்த் தகப்பன் இப்படிச் செய்தான் என்பதை உறவினர்கள் டொரொண்டோ வரைக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய்பிளந்தார்கள்.

ஆனால் கழகம் அவனை முதல் அணியில் இறக்கவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் பட்டியல் வெளிவரும். டெஸ்மன் நோபேட், வயது 19, இடதுகைப் பந்தெறிபவர், அடுத்த பருவத்துக்குத் தயார். இதே வரி பதினொரு முறை வந்தது. ஹெரன்ஸின் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, நாற்பத்தாறு பேர். அதில் கழக நிர்வாகத்துக்கு விழுந்த திட்டைப் போல நியூசிலாந்தில் வேறெந்த அலுவலகத்துக்கும் விழுந்திருக்காது. ஒஃபிஸ்காரர் கை தேய்ந்துபோன கிழவர்களை அவுஸ்திரேலியாவில் இருந்து இறக்குமதி செய்கிறார்கள், வீட்டில் இருக்கிற பொடியனை ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள் என்றார் ஓய்வுபெற்ற பிளம்பர் நவரத்தினம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைபார்க்கும் லக்ஷ்மிப்ரியா ஓர் எக்செல் போட்டு, பட்டியலில் ஏறிய முப்பத்தொரு பேரில் முதல் அணிக்குப் போனது இரண்டே பேர், இது வளர்ப்பா புதைப்பா என்று கேட்டார். காய் பழுக்கட்டும், அவசரப்பட்டால் தோள் போய்விடும் என்று நிர்வாகத்துக்காகப் பரிந்து பேசியவர்களும் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களை நோபேட் ஒவ்வொருவராக எழுதி எழுதியே குழுவைவிட்டு ஓடவைத்தார். அவர் பதிவு போட்டால் மற்றவர்கள் தேநீர் வைத்துக்கொண்டு வந்துதான் வாசிக்க உட்காருவார்கள், அவ்வளவு நீளம். அவர் தொடங்கிய மனுக்களால் மூன்று பொது மேலாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். மூன்றாமவர் போகிற நாளில் வேலியோரம் வந்து, மற்றவர்கள் சொன்னால் பரவாயில்லை, நீங்களுமா என்று மட்டும் கேட்டார். குற்ற உணர்ச்சியில் பேசுகிறார் என்று நோபேட் அதையும் குழுவில் போட்டு முப்பது கைதட்டல் வாங்கினார்.

இதற்கிடையில் வீட்டில் கணக்கு தலைகீழாகிக்கொண்டிருந்தது. டெஸ்மனின் தங்கை மெலனி அவனைவிட நான்கு வயது இளையவள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அவனைத் தாண்டிப் போனாள். பிறகு பட்டம் வாங்கினாள், வேலைக்குப் போனாள், பிருந்தன் என்கிற பையனைக் கண்டு விரும்பினாள். டெஸ்மனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் வீட்டு மோர்ட்கேஜ் கட்டத் தொடங்கினார்கள், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவன் பயிற்சி எடுக்கிற மைதானத்தைத் தாண்டிப் போனார்கள். அவனுக்கு இரண்டு பெண்கள் சிநேகிதமானார்கள். இருவருமே சில வருடத்தில் அவனுக்கு அக்காள்மாதிரி ஆகி, கூச்சப்பட்டு விலகிப்போனார்கள். அவன் யாரையும் நொந்துகொள்ளவில்லை. காலையில் எழும்பி, ஓடி, எறிந்து, சாப்பிட்டுத் தூங்கினான். மகன் அலுத்துப்போயிருக்கிறானா என்று பதினொரு வருடத்தில் நோபேட் ஒருமுறையும் கேட்கவில்லை. நிர்வாகத்தைத் திட்டுவதே மகனுக்குச் செய்கிற பணிவிடை என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

போன வருடம் அக்டோபரில் மெலனிக்கு நிச்சயதார்த்தம். மவுண்ட் ஆல்பர்ட்டில் பிருந்தன் வீட்டார் இருந்த பழைய மரவீட்டில் நடந்தது. பிருந்தனின் பெரியம்மா அன்றைக்குத்தான் சிட்னியில் இருந்து வந்திருந்தார், டெஸ்மனைப் பார்த்து இது யார் என்று விசாரித்தார். பதினொரு வருடக் கதையை யார் உட்கார்ந்து சொல்வது என்று மெலனிக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் முகத்தில் பருவோடு நின்ற பையனை அவள் ஒருமுறை பார்த்தாள்.

"இது என்ர தம்பி," என்றாள்.

டெஸ்மன் மறுக்கவில்லை. பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும் சின்னப்பிள்ளைபோலத் தலையை ஆட்டிவிட்டு, கிளாஸ்களில் சோடா ஊற்றப் போனான். நோபேட்டுக்கு நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. மூத்த பிள்ளை பிறந்தபோது கையில் ஏந்தி நின்ற மனிதர் அவர். இப்போது வீட்டில் மூத்த பிள்ளை என்றே ஒன்று இல்லாமல் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கழக அலுவலகத்துக்கு நேரில் போனார். பதினொரு வருடம் விரலால் மட்டுமே சண்டைபிடித்தவர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருநாளும் படியேறியதில்லை. மனுகாவில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடி, மூன்றே மேசை. புள்ளிவிவரம் பார்க்க மூன்று வாரத்துக்கு முன்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ராம்பிரசாத் தனியாக இருந்தார், திருச்சிக்காரர். நோபேட் மேசையில் அறைந்து, என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை எந்த மடையன் பூட்டிவச்சிருக்கிறான் எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும் என்றார். ராம்பிரசாத் மரியாதையாக எழுந்து, ஃபைலை எடுத்து, முதல் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இருபது வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோர் சேரும்போது நிரப்பிக் கொடுக்கிற படிவம் அது. குடும்பத்தாரின் நிபந்தனைகள் என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லாப் பெற்றோரும் அதை வெறுமையாக விடுவார்கள். இந்தப் படிவத்தில் மட்டும் கட்டம் நிறைய, விளிம்புவரைக்கும் எழுதியிருந்தது. மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை முதல் அணியில் சேர்க்கக் கூடாது, அதுவரை இப்போது இருக்கிறபடியே அவனை வைத்திருக்க வேண்டும்.

"இது உங்க கையெழுத்துதானே, சார்?"

நோபேட் குனிந்து பார்த்தார். ஸ்கூல் படிவம், டியூஷன் படிவம், ஞாயிறு மறைக்கல்விப் படிவம் எல்லாவற்றிலும் படிப்புத்தான் முதல் என்று தவறாமல் எழுதிவைத்த அதே சாய்ந்த எழுத்து. அடியில் இரண்டு கோடு வேறு. பைத்தியம் பிடிப்பதற்கு மூன்று மாதம் முந்தி எழுதியது. பிறகு படிப்பை வெட்டினார், படிவத்தை மறந்தார். ஒவ்வொரு மார்ச்சிலும் பட்டம் வாங்கியாயிற்றா என்று பார்த்து, இல்லை என்று கண்டு, சொன்னபடியே வைத்திருந்தோம் என்றார் ராம்பிரசாத். அதில் வயதும் அடங்கும் என்று விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில் சேர்த்துக்கொண்டார். நோபேட்டுக்குப் போன மூன்று மேலாளர்களின் முகமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. வேலியோரம் நின்று நீங்களுமா என்று கேட்டவரை நினைத்தபோது வெட்கத்தில் காது எரிந்தது. ஊரே திட்டித் தீர்த்த அந்த ஒஃபிஸ், உலகத்தில் வேறெந்த ஒஃபிஸும் செய்யாத ஒன்றைச் செய்திருந்தது. ஒரு தகப்பன் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்தும் தவறாமல் காப்பாற்றியிருந்தது.

வெட்டிவிடலாமா என்று பேனாவைத் தேடினார். ராம்பிரசாத் பேனாவைக் கொடுத்துவிட்டு, பதினொரு வருடமும் சேர்ந்துதான் வரும், தொண்ணூற்று மூன்று மைல் அப்படியே இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. இப்படியே விட்டால் நியூசிலாந்தின் மிகச் சிறந்த இடதுகை என்றென்றைக்கும் அவருடைய மகனுடையது, ஆனால் ஒருநாளும் ஆடாது. வெட்டினால் ஆடலாம், எந்தக் கையோடு என்று தெரியாது. தானாக ஒரு தடவை எழுதியது போதும் என்று அவருக்குப் பட்டது. மகனுக்கு ஃபோன் எடுத்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், நான்தான், மகன், எழுதினனான் என்று இரண்டு தடவை சொன்னார்.

"அப்பா," என்றான் டெஸ்மன். "எனக்கு நைன்டீன் போதும். ப்ளீஸ், வெட்டுங்கோ."

நோபேட் வெட்டினார். வருடங்கள் புதன்கிழமை காலையில் வரத் தொடங்கின. முதலில் தாடி வந்தது. வியாழக்கிழமை ஞானப்பற்கள் நான்கும் ஒரே நேரத்தில் முளைத்ததில் டெஸ்மன் கஞ்சி மட்டும் குடித்தான். எமிலி காற்சட்டை இடுப்பை இரண்டு தடவை தளர்த்தித் தைத்தார். வெள்ளிக்கிழமை காதோரம் ஏழெட்டு நரைமுடி தெரிந்தது, எமிலி எண்ணிப்பார்த்துவிட்டு அழுதார். சனிக்கிழமை விடிந்தபோது முப்பது வயது மனிதன் ஒருவன் சமையலறையில் நின்று அப்பாவுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினான், நோபேட்டுக்கு அவனை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அன்று பின்னேரம் ஹெரன்ஸ் அவனை முதல் அணியில் ஓர் இன்னிங்ஸுக்கு இறக்கியது. வேகமானி எண்பத்தொன்று காட்டியது. முதல் மட்டைக்காரன் அடித்த பந்து கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. வேலியோரம் உட்கார்ந்திருந்த ரசிகர் கூட்டம் கொதித்துப்போனது. இந்தப் பிள்ளையை இருபது வயதில் இறக்கியிருந்தால் எங்கேயோ போயிருப்பான், எவன் இப்படிப் பாழாக்கினான் என்று நவரத்தினம் எழும்பி நின்று கேட்டார். நான்தான் என்றார் நோபேட். படிவத்தில் எழுதியது, கையெழுத்து, இரண்டு கோடு, எல்லாம் சொன்னார். நவரத்தினம் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பாவம், ஒஃபிஸ்காரர் இவரையும் மிரட்டிப்போட்டாங்கள் என்றார். அது அன்றைக்கே குழுவில் ஏறியது, மற்ற நாற்பத்தைந்து பேரும் ஒருமனதாக நம்பினார்கள், நான்காவது மேலாளருக்கு எதிராகவும் ஒரு மனு தயாராயிற்று. அதில் கையெழுத்துப் போடாதவர் நோபேட் ஒருவர்தான்.

டெஸ்மன் வேகத்தைக் கைவிட்டான். மெதுவாக, மூலைக்கு மூலை மாற்றி எறிந்தான். அடுத்த மூன்று பேரையும் அவுட் ஆக்க இருபத்தாறு பந்து எடுத்தது. பிறகு ஆட்டக்காரர் வாங்கில் வந்து உட்கார்ந்தான், யாரோ தோளில் ஓர் ஐஸ் பையை வைத்துவிட்டுப் போனார்கள். நோபேட் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து அவனுக்கு முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். பதினொரு வருடத்தில் ஒருநாளும் வலித்திராத தோளை டெஸ்மன் தடவிப்பார்த்தான்.

"தோள் நோகுது, அப்பா," என்றான். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்கிற பிள்ளையின் முகம் அது.

பை வழுக்கி விழப் பார்த்தது. நோபேட் அதை எட்டிப் பிடித்து, மகனின் தோளோடு அழுத்திக்கொண்டு, ஐஸ் உருகித் தன் சட்டைக் கை முழுக்க நனையும்வரை அப்படியே நின்றார். ஒலிபெருக்கியில் அடுத்த ஆட்டம் ஞாயிறு ஒரு மணிக்கு என்று அறிவித்தார்கள்.