ஒற்றை வயர்

காலிதீன் ஹாஜியாரின் கோழிக்குஞ்சுப் பண்ணையில் அடைக்கு வைத்த முட்டைகள் வெந்துபோன செய்தி லுஹர் தொழுகைக்கு முன்பே சாய்ந்தமருது முழுக்கப் பரவிவிட்டது. குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கு மின்னணு ஏற்பாட்டை வரைந்து கொடுத்தவள் அவருடைய மருமகள் முஸ்பிறா. ஒலுவில் கெம்பஸில் பொறியியல் படித்தவள். பழியும் நேரே அவள் தலையில்தான் விழுந்தது.

"படிச்ச புள்ளட வேலை இதானா மகள்?" என்றார் ஹாஜியார், எல்லாருக்கும் முன்னால். பக்கத்தில் நின்ற அவள் கணவன், ஹாஜியாரின் மகன் றிஷாட், தரையைப் பார்த்தான்.

முஸ்பிறா பெட்டிகளுக்குப் பின்னால் குந்தினாள். எல்லாப் பெட்டிகளும் தங்கள் சூட்டளவை ஒரே வயரில்தான் அனுப்பும். நடுவிலுள்ள கருவி அதைப் பார்த்துத்தான் ஹீட்டர்களை அணைக்கும். இப்போது ஒரு பெட்டியும் பேசவில்லை. திரையில் பழைய எண் அப்படியே நின்றது. ஹீட்டர்கள் எரிந்துகொண்டே இருந்திருக்கின்றன. இணைப்புகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினாள். கடற்காற்றில் உப்பேறிய ஒரு பெட்டியைக் கழற்றியதும் மற்றவையெல்லாம் உயிர்பெற்றன. கெட்டுப்போன அந்த ஒன்று வயரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றின் வாயையும் அடைத்திருந்தது.

இது நடக்கலாம் என்று தெரிந்துதான், பழுதாகும் பெட்டியைத் தானாக வெட்டிவிடும் சின்னப் பாகமொன்றை ஒவ்வொன்றுக்கும் வரைந்திருந்தாள். பொருத்தியது றிஷாட். மூடியைத் திறந்தாள். பாகத்தின் இடம் வெறுமையாய்க் கிடந்தது. வயர் நேரே இணையும்படி அதன் குறுக்கே ஒரு துண்டுக் கம்பி ஒட்டப்பட்டிருந்தது.

"சாமான் வந்து சேரல்ல. திறப்பு விழாவுக்கு ஆக்களையும் கூப்பிட்டாச்சு. பிறகு போடுவம் எண்டு நினைச்சன்," என்றான் றிஷாட், குரலைத் தாழ்த்தி. "வாப்பாக்கிட்டச் சொல்லிராத."

அவள் சொன்னாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். ஹாஜியார் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"புருஷன்ட தலையில பழியப் போட்டுத் தப்பப் பாக்காத, மகள்."

பாகங்கள் வந்ததும் முஸ்பிறாவே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினாள். பிறகு ஒரு பெட்டியை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்த்தாள். அது மட்டும் விலகி, தன் ஹீட்டரையும் அணைத்துக்கொண்டது. மற்றவை பேசிக்கொண்டே இருந்தன.

பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் ஹாஜியார் மகனின் தோளைத் தட்டினார்.

"மருமகள் குழப்பினத என்ட மகன் சரியாக்கிட்டான்."

றிஷாட் சிரித்தான்.

பெருநாள் கழிந்து ஹாஜியார் மகனும் மருமகளும் இருந்த வீட்டுக்கு வந்தார். இரண்டாவது பண்ணை ஒன்று போடப்போவதாகவும், அதற்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்றும் தொடங்கினார்.

"உங்கட மகன்ட்டக் கேளுங்க மாமா," என்றாள் முஸ்பிறா. "அவர்தானே சரியாக்கினவர்."

றிஷாட் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.