கை நனைக்காத ஆள்

அந்த கௌபாய் படம் முக்கால்வாசியும் இருட்டாகவே ஓடியது. கேபிள்காரன் ஞாயிறு மத்தியானம் போடும் குதிரைப் படங்களில் வெயில் கொளுத்தும், புழுதி பறக்கும். இதிலோ கறுப்பு வெள்ளையில் ஓயாத மழை, தொப்பி மறைத்த பாதி முகம், சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல். டிவிதான் கெட்டுப்போச்சோ என்று நாச்சியம்மாள் எழுந்துபோய்த் திருகிப் பார்த்தாள். படமே அப்படித்தான் என்றான் புருஷன் திருமூர்த்தி.

இருவருக்கும் இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வராது. அதற்காகக் கதையை விட்டுவிடுவார்களா? பண்ணைக்காரன் ஒருவனை யாரோ சுட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி, துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சுட்டது யார்? நாச்சியம்மாளுக்கு மளிகைக்கடைக்காரன் மேல் சந்தேகம். அவன் முழியே சரியில்லை.

அவள் மனசில் பாதி சத்தியமங்கலத்தில் இருந்தது. வருகிற ஞாயிறு அங்கே அண்ணன் பாலுசாமியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். கரும்புக்காடு தீப்பிடித்த வருஷம் அஸ்திவாரத்தோடு நின்றுபோன வீடு அது. தீ வைத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரன்தான் என்று அண்ணன் இன்றுவரை அவன் முகத்தில் முழிப்பதில்லை. திருமூர்த்தியும் அந்த வருஷத்திலிருந்து மச்சான் வீட்டில் சாப்பிட்டதில்லை. போவான், நன்றாகப் பேசுவான், இலை போட்டால் மட்டும் வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுவான். கிரகப்பிரவேசத்திலும் அப்படிச் செய்தால் உறவே அறுந்துபோகும் என்று அவளுக்கு பயம். எப்படிப் பேச்செடுப்பது என்று பார்த்தால், அவன் படத்துக்குள்ளேயே போய்விட்டான்.

"கடைக்காரன் இல்ல அம்மணி. அந்தப் போலீஸ்காரன்தான்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவன் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுக்கிறான், கொலைகாரனைத் தேடி மழையில் அலைகிறான், அவனையா சொல்வது?

"எல்லாஞ் செய்யறான். ஆனா அந்த ஊட்டுல கை நனைச்சானா பாரு. காப்பியைக்கூட வாங்கி வெச்சுபோட்டு எந்திரிச்சுக்கறான். செஞ்சவனுக்கு அங்க தொண்டையில எறங்காது."

உண்மைதான். காப்பி மேஜைமேல் அப்படியே இருந்தது. என்ன கண்ணு இந்த மனுசனுக்கு என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் போலீஸ்காரன் மழையில் மண்டியிட்டு ஒத்துக்கொண்டபோது திருமூர்த்தி தொடையைத் தட்டிக்கொண்டான். அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் ஊட்டுல நீங்க ஏன் கை நனைக்கறதில்லீங்க?"

வயிறு என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பீடி அணைஞ்சுபோச்சுன்னு நெனச்சுத்தான் வரப்புல போட்டேன் அம்மணி."

அண்ணன் பட்ட பாட்டை நினைத்து அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷம் இவன் பட்டினியாக எழுந்துவந்ததை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. அழுது முடித்துத்தான் பேசினாள்.

"ஞாயித்துக்கெழமை வெடியறதுக்குள்ள போயிரலாங்க. பந்திக்கு முன்னால அண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா அதுக்கப்புறம் எனக்கு எலை போடுவாரா?"